கொக்கியில இப்போ என்ன ஓடுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருத்தணிக்குப் பக்கத்துல கே.ஜி.கண்டிகையிலிருந்து பேசுறேன். வழக்கமா இங்க மென்பொருள், வேலை, சம்பளம், இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு நூல் பத்தி. போன எபிசோட் கடைசியில, "உங்க கொக்கியில இப்போ என்ன ஓடுது?"ன்னு கேட்டிருந்தேன். குரோஷே பின்னுறவங்க இவ்வளவு பேர் இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. வாய்ஸ் நோட் எல்லாம் கேட்டு முடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு.

கேட்டதுல ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு. என்ன பின்னுறோம், எந்த நிறம், எத்தனை வரிசை முடிஞ்சுதுன்னு உற்சாகமா சொல்லிட்டே வர்றாங்க. கடைசியில குரலைக் கொஞ்சம் இறக்கி, "சும்மா டைம் பாஸுக்குத்தான்"னு முடிக்கிறாங்க. பத்துல எட்டுப் பேர் இப்படித்தான். அந்த 'சும்மா'வைப் பத்தி எனக்குப் பேசணும். அதுக்கு முன்னாடி, என்னென்ன ஓடுதுன்னு பார்த்துடலாம்.

ஒரே ஒரு கண்ணி

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. நிட்டிங்ல ரெண்டு ஊசி. நூறு கண்ணி போட்டா நூறும் ஊசியிலேயே தொங்கிக்கிட்டு இருக்கும். குரோஷேல ஒரு கொக்கி ஊசி மட்டும்தான். பெரும்பாலான நேரம் கொக்கியில ஒரே ஒரு கண்ணிதான் உயிரோட இருக்கும். அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் பூட்டி முடிஞ்சுது.

இதனால ஒரு பெரிய வசதி இருக்கு. எந்த நிமிஷமும் கீழ வைக்கலாம். குக்கர் விசில் அடிச்சாலும், குழந்தை எழுந்தாலும், பஸ் வந்தாலும், அந்த ஒரு கண்ணியைக் கொஞ்சம் நீளமா இழுத்து விட்டுட்டு எழுந்து போயிடலாம். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு துண்டு துண்டாக் கிடைக்கிற நேரத்துல செய்யறதுக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை கிடைக்காது. இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, அப்புறமா தேவைப்படும்.

365 வரிசை, 365 படி

அதிகம் பேர் சொன்ன புராஜெக்ட், வெப்பநிலைப் போர்வை. தினமும் ஒரு வரிசை. அன்னைக்கு உங்க ஊர்ல பதிவான அதிகபட்ச வெப்பநிலை எவ்வளவோ, அதுக்கு ஒரு நிறம். வருஷக் கடைசியில அந்த வருஷத்து வெயிலும் மழையும் ஒரு போர்வையா மடியில இருக்கும்.

திருத்தணிக்காரங்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். கோடையில "எந்தெந்த ஊர்ல வெயில் சதமடிச்சுது"ன்னு செய்தியில பட்டியல் போட்டா, வேலூர் பேரோட நம்ம ஊர் பேரும் அடிக்கடி வரும். வானிலை ஆய்வு மையத்தோட தினசரிப் பட்டியல்ல திருத்தணி இருக்கு. அதனால டேட்டாவுக்குப் பஞ்சம் இல்ல.

ஆனா இணையத்துல கிடைக்கிற நிற அட்டவணையை அப்படியே எடுத்தா நமக்கு வேலைக்கு ஆகாது. அது பனி பெய்யுற ஊருக்காகப் போட்டது. பூஜ்யத்துக்குக் கீழ ஊதா, அதுக்கு மேல நீலம், பச்சைன்னு அஞ்சு அஞ்சு டிகிரியாப் போகும். நம்ம ஊர்ல பகல் உச்சம் பெரும்பாலும் 27 டிகிரியிலிருந்து 43 டிகிரிக்குள்ள அடங்கிடும். அஞ்சு டிகிரிக்கு ஒரு நிறம்னு வெச்சா வருஷம் பூரா மூணு, நாலு நிறம்தான் வரும். அதனால ரெண்டு டிகிரிக்கு ஒரு நிறம் வெச்சுக்கோங்க. 16 டிகிரியை ரெண்டால வகுத்தா எட்டு நிறம். ஐப்பசி மழைநாளுக்கும் தை மாசத்துப் பகலுக்கும் அப்போதான் வித்தியாசம் தெரியும்.

அளவையும் முன்னாடியே கணக்குப் போட்டுடுங்க. சிங்கிள் குரோஷேல ஒரு வரிசை உயரம் சுமார் அஞ்சரை மில்லிமீட்டர்னு வெச்சா, 365 வரிசைக்கு ரெண்டு மீட்டர் நீளம் வரும். ஒரு ஆள் படுக்கிற நீளம், சரியா இருக்கு. அகலத்துக்கு 200 கண்ணி போட்டா மொத்தம் 73,000 கண்ணி. நிமிஷத்துக்கு 20 கண்ணி போடுறவங்களுக்கு தினம் பத்து நிமிஷம், வருஷத்துக்கு ஏறக்குறைய 61 மணி நேரம். சாத்தியமான வேலைதான். நிறம் மாறுற ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு நூல் வால் தொங்கும். தினமும் நிறம் மாறினா வருஷத்துக்கு 730 வால். அதையெல்லாம் டிசம்பர்ல சேர்த்துச் சொருகலாம்னு விட்டீங்கன்னா போர்வை பரணுக்குத்தான் போகும். ஞாயித்துக்கிழமை தோறும் அந்த வாரத்து வாலைச் சொருகி முடிச்சுடுங்க.

உல்லன்னு கடையில கொடுக்கிறது பெரும்பாலும் அக்ரிலிக். நம்ம பக்கத்துச் சூட்டுக்குப் பருத்தி நூல் நல்லது. ஆனா ஒண்ணு, பருத்தி கனமா இருக்கும். துவைச்சா இன்னும் கனக்கும். ரெண்டு மீட்டர் போர்வைன்னா இதை யோசிச்சுக்கோங்க.

திருத்தணியிலிருந்து சென்னைக்கு தினமும் எலெக்ட்ரிக் ரயில்ல காலேஜ் போயிட்டு வர்ற ஒரு தங்கச்சி இதைப் பின்னிக்கிட்டு இருக்காங்க. ஏன்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. "அக்கா, மலைக்கு 365 படி. வருஷத்துக்கு நாளுக்கு ஒரு படின்னு எங்க ஆயா சொல்லும். டிசம்பர் 31 படித் திருவிழா அன்னைக்கு படிக்கெல்லாம் பூஜை பண்ணுவாங்க இல்ல, அன்னைக்குக் கடைசி வரிசையைப் போட்டு முடிக்கணும்." அடுத்து அவங்களே சொன்னாங்க: "ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும் ஆரஞ்சும் சிவப்பும்தான்க்கா. மடிச்சு வெச்சிருக்கேன், விரிச்சுப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு." வெயில் ஏறுதுன்னு நாம வருஷா வருஷம் கிராஃப்ல பார்க்கிறோம். அதையே மடியில, கை பட்டுப் பின்னினதாப் பார்க்கிறது வேற மாதிரிதான் இருக்கும்.

ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு

அடுத்த கூட்டம் பொம்மைக் கூட்டம். அமிகுருமின்னு ஜப்பான்ல ஆரம்பிச்ச வகை. உள்ள பஞ்சு அடைச்ச சின்னச் சின்ன பொம்மைங்க. யானை, ஆமை, இட்லி, ஒருத்தர் வேலும் மயிலும் பின்னிக்கிட்டு இருக்கார். மயில் தோகை பாதியில நிக்குதாம், வாழ்த்துகள்.

இஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு இது தனி சந்தோஷம். பொம்மையோட தலை ஒரு உருண்டை. நடுவுல ஆறு கண்ணியில ஆரம்பிப்பீங்க. அடுத்த சுத்து 12, அப்புறம் 18, 24, 30, 36. சுத்துக்கு ஆறு கூடும். ஏன் ஆறு? சிங்கிள் குரோஷே கண்ணியோட உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆரம் ஒண்ணு கூடினா சுற்றளவு ரெண்டு பை, அதாவது 6.28 கூடணும். அதான் ஆறு. பின்னுறவங்க தலைமுறை தலைமுறையா கையாலேயே இதைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க.

ஆறுக்குக் குறைச்சா கிண்ணம் மாதிரி குழியும். ஆறைவிட நிறையக் கூட்டினா ஓரம் அலை அலையாச் சுருளும். அந்தச் சுருளுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. ஹைப்பர்போலிக் வடிவியல்னு ஒண்ணு. அதுல, ஒரு கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு புள்ளி வழியா அதை வெட்டாத கோடுகள் எத்தனை வேணும்னாலும் போகும். கரும்பலகையில வரைஞ்சு காட்டினா மாணவர்களுக்குப் புரியறது கஷ்டம். காகிதத்துல ஒட்டிப் பண்ணினா கிழியும். 1997ல் அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா, ஒவ்வொரு வரிசையிலயும் ஒரே விகிதத்துல கண்ணியைக் கூட்டிக்கிட்டே போய், அந்தத் தளத்தைக் குரோஷேல பின்னிட்டாங்க. கையில எடுத்து மடிக்கலாம், மடிச்ச கோட்டைத் தொட்டுப் பார்க்கலாம். அவங்க எழுதின புத்தகத்துக்கு, வருஷத்தோட விசித்திரமான தலைப்புக்கான பரிசும் கிடைச்சுது, அப்புறம் அமெரிக்கக் கணிதச் சங்கத்தோட ஆய்லர் புத்தகப் பரிசும் கிடைச்சுது.

அந்த வழியிலேயே 2005ல் லாஸ் ஏஞ்சலஸ்ல மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம்னு ரெண்டு சகோதரிகள் பவளப்பாறையைப் பின்ன ஆரம்பிச்சாங்க. கடல் சூடாகி நிஜப் பவளம் வெளுத்துப் போறதைக் காட்டத்தான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவங்க அதுல சேர்ந்து பின்னினாங்க. அதே காலத்துல இங்கிலாந்துல ஹிங்கெ ஓசிங்கான்னு ஒரு கணிதவியலாளர், கேயாஸ் கோட்பாட்டுல வர்ற லாரென்ஸ் சமன்பாட்டோட ஒரு மேற்பரப்பைப் பின்னினாங்க. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுத்த வழிமுறையை எடுத்து கண்ணி கண்ணியாப் போட்டாங்க. மொத்தம் 25,511 கண்ணி, 85 மணி நேரம். இதை யாராவது 'சும்மா டைம் பாஸ்'னு சொல்லுவாங்களா?

சென்னையில விரிச்ச போர்வை

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையில சுபஶ்ரீ நடராஜன் ஆரம்பிச்ச 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு பத்தி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஃபேஸ்புக்ல சேர்ந்தவங்க. இல்லத்தரசிகள், வேலைக்குப் போறவங்க, ஓய்வு பெற்றவங்க, வெளிநாட்டுல இருக்கிற இந்தியப் பெண்கள் எல்லாரும் ஒரே அளவுல துண்டு துண்டாப் பின்னி அனுப்ப, 2016 ஜனவரி 31 அன்னைக்கு சென்னையில அதையெல்லாம் சேர்த்து விரிச்சாங்க. 11,148.5 சதுர மீட்டர். உலகத்திலேயே பெரிய குரோஷே போர்வைன்னு கின்னஸ்ல பதிவாச்சு. அடுத்த வருஷம் 14 கிலோமீட்டருக்கு மேல நீளமான ஒரு ஸ்கார்ஃப். 2018ல் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேல பொம்மைகளை ஒரே இடத்துல வெச்ச கண்காட்சி.

எனக்கு இதுல எண்ணைவிட வேலை பிரிச்ச விதம்தான் பிடிச்சிருக்கு. பெரிய மென்பொருளை எப்படிப் பண்ணுவோம்? எல்லாரும் ஒரே விதிமுறைக்கு ஒத்துக்கிட்டு, அவங்கவங்க பகுதியை அவங்கவங்க வீட்டுல முடிச்சு, கடைசியில சேர்ப்போம். அதேதான் இங்கயும். ஒருத்தர் துண்டு ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சா பக்கத்துத் துண்டு இழுத்துக்கும். அதனால அளவு சரியா இருந்தாகணும். சாதனை முடிஞ்சதும் போர்வையைப் பிரிச்சுத் தேவைப்பட்டவங்களுக்குக் கொடுத்தாங்க.

மத்தவங்களுக்காக ஓடுற கொக்கிகள்

ரெண்டு பேர் சொன்ன ஒரு புராஜெக்ட்டைக் கண்டிப்பாச் சொல்லணும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனவங்க, உள்ளாடைக்குள்ள வெச்சுக்கிற மென்மையான செயற்கை மார்பகம். சிலிக்கான்ல கிடைக்கிறது விலையும் அதிகம், நம்ம வெயிலுக்குக் கனமும் வியர்வையும் வேற. பருத்தி நூல்ல பின்னி பஞ்சு அடைச்சா லேசா இருக்கும், துவைச்சுக்கலாம். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் இதைப் பின்னி இலவசமாக் கொடுக்கிறாங்க. இந்தியாவுலயும் இது நடக்குது. உருண்டை பின்னத் தெரிஞ்சவங்களுக்கு இது கஷ்டமே இல்ல. ஆனா தழும்பு மேல படுற பொருள். அதனால அவங்க சொல்ற நூல், அவங்க சொல்ற முறை, அதை மீறக் கூடாது. மிச்சம் இருக்கிற அக்ரிலிக்கை வெச்சு ஒப்பேத்த வேண்டாம்.

இன்னொண்ணு, குறைமாசக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை. 2013ல் டென்மார்க்ல ஆரம்பிச்சது. குழந்தை தன் உடம்புல இருக்கிற ட்யூபைப் பிடிச்சு இழுக்காம, பொம்மையோட காலைப் பிடிச்சுக்கும்னு சொல்றாங்க. காலை நல்லா இழுத்தாக்கூட 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு விதி, சுத்திக்கிடும்ங்கிறதால. இதைப் பின்ன ஆசைப்படுறவங்க முதல்ல ஆஸ்பத்திரியில கேளுங்க. அவங்க வாங்கிக்கிறோம்னு சொன்னப்புறம் நூலை எடுங்க.

தறி பண்ணும், இதைப் பண்ணாது

இப்போ 'சும்மா'வுக்கு வருவோம்.

நம்ம பக்கம் தறிச் சத்தத்துக்குக் குறைவில்ல. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, எல்லையைத் தாண்டினா நகரி. விசைத்தறி வந்ததும் கைத்தறிக்கு என்ன ஆச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கே தெரியும். நிட்டிங்கும் அப்படித்தான், திருப்பூர் முழுக்க மெஷின். ஆனா குரோஷே? இன்னைக்கு வரைக்கும் கைக் குரோஷேயை அப்படியே செய்யற மெஷின் தொழிற்சாலைக்கு வரல. ஆராய்ச்சிக் கூடத்துல முன்மாதிரிகள் இருக்கு, அவ்வளவுதான். காரணம், நிட்டிங் மெஷின்ல ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு ஊசி வரிசையாக் காத்திருக்கும். குரோஷேல கொக்கி போன வரிசைக்குள்ள போகும், அதுக்கு முந்தின வரிசைக்கும் போகும், பக்கவாட்டுலயும் நுழையும். ஒவ்வொரு தடவையும் எங்க நுழையணும்னு கண்ணும் விரலும் சேர்ந்து முடிவு பண்ணணும்.

இதுக்கு என்ன அர்த்தம்னா, கடையில நிஜமான குரோஷே சட்டை ஒண்ணு தொங்கினா, அதை ஒரு மனுஷி மடியில வெச்சுக் கண்ணி கண்ணியாப் போட்டிருக்காங்க. எண்ணூறு ரூபாய்க்கு அது தொங்கினா, ஒண்ணு அது குரோஷே மாதிரி தெரியற மெஷின் நிட்டிங். இல்லன்னா யாரோ ஒருத்தருக்குக் கூலி போய்ச் சேரல.

இதை விளக்க நம்ம பக்கத்து மாநிலத்திலேயே கதை இருக்கு. ஆந்திராவுல, கோதாவரி டெல்டாவுல நரசாபூர். 1840கள்ல ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதி அங்க ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. அதே பத்து வருஷத்துலதான் அயர்லாந்துல உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து, அங்கயும் பெண்கள் வயித்துப்பாட்டுக்குக் குரோஷே லேஸ் பின்னினாங்க. குரோஷே பொழுதுபோக்காத்தான் பிறந்துச்சுன்னு நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும். நரசாபூர் லேஸ் அப்புறம் பெரிய ஏற்றுமதித் தொழிலாச்சு. லட்சக்கணக்கான ரூபாய் புரண்டுச்சு.

1982ல் மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர் அந்தப் பெண்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. அதோட சாரம் இதுதான்: பெண்கள் நாள் முழுக்கப் பின்னுறாங்க, பொருள் உலகச் சந்தைக்குப் போகுது. ஆனா வியாபாரிகள், வீட்டு ஆண்கள், சில சமயம் அந்தப் பெண்களே கூட, "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்யறது"ன்னு சொல்றாங்க. அவங்களைத் தொழிலாளின்னு எண்ணாம இல்லத்தரசின்னு எண்ணினதால, பீஸ் கணக்குல அடிமட்டக் கூலி கொடுத்தா போதும்னு ஆயிடுச்சு. நரசாபூர் குரோஷே லேஸுக்கு 2024ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, நல்ல விஷயம். ஆனா பேருக்குக் குறியீடு கிடைச்சா மட்டும் கண்ணிக்குக் கூலி ஏறிடாது.

முதல்ல மனசுல வெச்சுக்கச் சொன்னேனே, எப்போ வேணும்னாலும் கீழ வைக்கலாம்னு? அதோட இன்னொரு பக்கம் இதுதான். சமையலுக்கும் துவையலுக்கும் நடுவுல செய்ய முடியறதால, அது வேலையாவே கணக்குல வரமாட்டேங்குது. நானும் வீட்டு சோபாவுல உக்காந்துதான் கோடு எழுதுறேன். நடுவுல குக்கரை இறக்கி வெச்சுட்டு வர்றேன். அதை யாரும் டைம் பாஸ்னு சொல்றதில்ல, மாசக் கடைசியில சம்பளம் வருது.

ஒரு யானைக்கு எவ்வளவு?

எங்க தெருவுல ஒரு அக்கா ஆர்டருக்கு பொம்மை பின்னிக் கொடுக்கிறாங்க. ஒரு யானை கேட்டவங்க, "நூல்தானே அக்கா, 150 போட்டுக்கோங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த அக்கா திருப்பிப் பேசாம வாங்கிக்கிட்டாங்க. "என்ன பண்றது, வீட்டுல சும்மாதானே இருக்கேன்"னு என்கிட்ட சொன்னாங்க. கணக்கை நாம போட்டுப் பார்ப்போம்.

உள்ளங்கை அளவு யானைக்குச் சுமார் 2,500 கண்ணி. எண்ணிக்கிட்டே போடுறதால நிமிஷத்துக்கு 15ன்னு வெச்சா ரெண்டே முக்கால் மணி நேரம். பஞ்சு அடைச்சு, காது, துதிக்கை தைச்சு, கண் வெச்சு முடிக்க இன்னும் ஒண்ணேகால் மணி. மொத்தம் நாலு மணி நேரம். நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்து 120 ரூபாய். 150ல் 120 போனா 30. நாலு மணி நேரத்துக்கு 30 ரூபாய்னா மணிக்கு ஏழரை ரூபாய்.

2025-26க்கு நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல அறிவிச்ச தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 42. அந்தக் கணக்குல யானைக்குக் கூலி 168, பொருளோட சேர்த்து 288. இது லாபமே இல்லாத அடிமட்ட விலை. டிசைன் உங்களோடதா இருந்தா, பார்சல் செலவு இருந்தா, அதுக்கு மேலதான் போகணும். 450, 500 சொன்னா அது பகல் கொள்ளை இல்ல.

"எனக்குப் பணம் முக்கியமில்ல, ஆசைக்குத்தான் பண்றேன்"னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. ரொம்ப நல்லது. அப்போ விக்காதீங்க, பரிசாக் கொடுங்க. கொடுக்கிறதுன்னா முழுசாக் கொடுங்க. பாதி விலைக்கு மட்டும் விக்காதீங்க. ஏன்னா நீங்க 150க்குக் கொடுத்தா, அது உங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஆனா அதே தெருவுல அதை நம்பிப் பால் பாக்கெட் வாங்குறவங்களுக்கு, அன்னையிலிருந்து யானையோட விலை 150. பொழுதுபோக்கா பண்றவங்க வெக்கிற விலைதான் பொழைப்பா பண்றவங்களோட கூலியை முடிவு பண்ணுது. நரசாபூர்ல வியாபாரி செஞ்சதை, நம்ம வாட்ஸப் குரூப்ல நாமளே செஞ்சுடக் கூடாது.

போலி பேட்டர்ன் எச்சரிக்கை

முடிக்கிறதுக்கு முன்னாடி என் துறை சம்பந்தமா ஒண்ணு. இப்போ ஏ.ஐ. வரைஞ்ச படத்தை வெச்சு பேட்டர்ன் விக்கிறாங்க. படத்துல பஞ்சு மாதிரி அழகான பூனை. காசு கட்டி பேட்டர்னை இறக்கிப் பின்னினா வேற ஏதோ ஜந்து வருது. 2023ல் ஒருத்தர் சாட்ஜிபிடி கிட்ட ஒற்றைக் கொம்புத் திமிங்கிலத்துக்குப் பேட்டர்ன் கேட்டு, அது சொன்னபடியே பின்னிக் காட்டினது உலகம் பூரா பரவிச்சு. திமிங்கிலம் அப்படி ஒரு கோலம்! காரணம் சிம்பிள். மொழி மாதிரிக்குப் பேட்டர்ன் எழுதுற நடை தெரியும், கண்ணி எங்க போய் உக்காரும்னு தெரியாது.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு பாருங்க. ஒண்ணு, படத்துல கண்ணி கண்ணியாத் தெரியுதா, இல்ல மயிர் மாதிரி வழிஞ்சு கிடக்கா? ரெண்டு, பின்னி முடிச்ச வேற யாராவது போட்டோ போட்டிருக்காங்களா? மூணு, ஒவ்வொரு சுத்துக் கடைசியிலயும் கண்ணி எண்ணிக்கை இருக்கா? இருந்தா கூட்டிப் பாருங்க. 18 கண்ணி இருக்கு, "ரெண்டு கண்ணி போட்டு மூணாவதுல கூட்டு"ன்னு ஆறு தடவை சொன்னா, 24 வரணும். 27ன்னு எழுதியிருந்தா மூடி வெச்சுடுங்க.

இன்னொரு குழப்பமும் நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. அம்மா, பெரியம்மா சொல்ற டபுள் குரோஷே வேற, யூடியூப்ல சொல்ற டபுள் குரோஷே வேற. ரெண்டு பேரும் சரிதான். பிரிட்டிஷ் முறையில டபுள்னு சொல்றது அமெரிக்க முறையில சிங்கிள். பழைய புத்தகம் பார்த்துப் பழகினவங்க பிரிட்டிஷ் பேர் சொல்லுவாங்க. பேட்டர்ன் முதல் பக்கத்துல எந்த முறைன்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. சண்டை மிச்சம்.

அடுத்த வாரம் வரைக்கும்

அடுத்த தடவை எழுதும்போது, வாய்ஸ் நோட் அனுப்பும்போது, மூணு விஷயம் சொல்லுங்க. என்ன பின்னுறீங்க, இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஆச்சு, யாருக்குப் போகப் போகுது. மணி நேரத்தைக் கண்டிப்பா குறிச்சு வையுங்க. போன்ல டைமர் போட்டாலும் சரி, காலண்டர்ல கோடு போட்டாலும் சரி. விக்கப் போறீங்களோ இல்லையோ, எண்ணி வைங்க. எண்ணாத வேலையைத்தான் ஊர் 'சும்மா'ன்னு சொல்லும்.

யானை பின்னுற அக்காகிட்ட இந்தக் கணக்கைக் காட்டியிருக்கேன். "350ன்னு கேட்டுப் பார்க்கட்டுமா?"ன்னு கேட்டிருக்காங்க. கேளுங்கக்கான்னு சொல்லியிருக்கேன். என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.

அடுத்த வாரம் திரும்பவும் வேலை விஷயம்தான். நோட்டீஸ் பீரியட் பத்திக் கேட்டவங்க தயாரா இருங்க. கொக்கியைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணியைக் கொஞ்சம் நீளமா இழுத்து விட்டுட்டு வைங்க.